தொலைநோக்கி வழியே ஒரு படம்

இரவு எட்டு மணி. அடுக்குமாடிக் கட்டடத்தின் அருகே உள்ள திடலில் தொலைநோக்கியை நிறுத்தி, கண்வில்லை இருந்த இடத்தில் உங்கள் கேமராவைப் பொருத்திவிட்டீர்கள். மேலே அரை நிலா. ஷட்டர் வேகத்தைக் கேமராவே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டுப் பொத்தானை அழுத்துகிறீர்கள். திரையில் தெரிவதோ சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளை அரைவட்டம். பள்ளங்களும் இல்லை, மலைகளும் இல்லை. நான் முதலில் எடுத்த நிலாப் படமும் இப்படித்தான் இருந்தது. தொலைநோக்கிதான் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன்.

பழுது எதுவும் இல்லை. படத்தின் பெரும்பகுதி கரிய வானம் என்பதால், காட்சி இருட்டாக உள்ளதென்று கேமரா கணக்கிட்டு, அதிக நேரம் ஒளியை உள்ளே விட்டது. உண்மையில் நிலவு என்பது வெயிலில் கிடக்கும் பாறை. நமக்கு இரவு, அதற்குப் பகல். ஆகவே, பகற்காட்சிக்கு உரிய அமைப்பையே அதற்குத் தர வேண்டும்.

வழக்கமாகப் படம் எடுக்கும்போது வில்லைத் துளையின் அளவு, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ ஆகிய மூன்றையும் மாற்றலாம். தொலைநோக்கியில் முதலாவதை மாற்ற இயலாது. குவியத் தூரம் 1,000 மில்லிமீட்டர், ஆடியின் விட்டம் 200 மில்லிமீட்டர் எனில், குவிய விகிதம் எப்போதும் 5தான். எஞ்சியிருப்பவை இரண்டு. ஐஎஸ்ஓவை 100இல் வையுங்கள். அரை நிலாவுக்கு 1/125 வினாடியிலும் முழு நிலாவுக்கு 1/500 வினாடியிலும் தொடங்கி, கூட்டியும் குறைத்தும் பாருங்கள். முழு நிலாவைத்தான் எடுக்க வேண்டும் என்று பலர் காத்திருப்பார்கள். அன்று ஒளி நேராக விழுவதால் நிழல் இராது. படம் தட்டையாக இருக்கும். அரை நிலாவில் ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லையில்தான் பள்ளங்கள் எடுப்பாகத் தெரியும்.

விரல் பட்டாலே தொலைநோக்கி அதிரும். ஆகையால், 2 வினாடி தாமத வசதியைப் பயன்படுத்துங்கள். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் கண்ணாடியில் ஈரம் படியும் என்பதையும் மறக்க வேண்டாம். நான் அரை மணி நேரம் முன்னதாகவே கருவிகளை வெளியே வைத்துவிடுவேன்.

அடுத்து, ஓரியன் விண்மீன் கூட்டத்திற்கு வருவோம். திருவாதிரை என்று நாம் அழைக்கும் சிவந்த விண்மீன் இருப்பதும் இங்கேதான். இக்கூட்டத்தில் ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவில் மங்கலான வாயு முகில் ஒன்று உள்ளது. அதற்கு 1/125 வினாடி போதவே போதாது. பல வினாடிகள் தேவை. ஆனால், பூமி சுழல்கிறது. மேற்கூறிய தொலைநோக்கியில் 4 மைக்ரோமீட்டர் படப்புள்ளிகள் கொண்ட கேமராவைப் பொருத்தினால், ஒரே வினாடியில் விண்மீன் சுமார் 18 படப்புள்ளிகள் நகர்ந்து கோடாகிவிடும். எனவே, வானத்தின் நகர்வைப் பின்தொடரும் மோட்டார் தாங்கி வேண்டும்.

தாங்கியின் அச்சைத் துருவ விண்மீனை நோக்கித் திருப்புமாறு கையேடுகள் கூறும். சிங்கப்பூரிலோ அந்த விண்மீன் அடிவானத்தை ஒட்டியே இருப்பதால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. திசைகாட்டியால் வடக்கை அறிந்து, அச்சை ஏறக்குறைய கிடைமட்டமாக வைத்து, ஒரு விண்மீன் எப்பக்கம் விலகுகிறது என்று கவனித்துச் சிறிது சிறிதாகத் திருத்த வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது.

ஐஎஸ்ஓவை 800 அல்லது 1600க்கு உயர்த்தலாம். அது புதிதாக ஒளியைச் சேர்ப்பதில்லை. கிடைத்ததைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஒளியைச் சேர்ப்பது நேரமே. ஆனால், ஒரே படத்தை 5 நிமிடங்களுக்கு எடுத்தால் தெருவிளக்குகளின் ஒளி வானத்தையே வெளுக்கச் செய்துவிடும். அதனால் 15 வினாடிப் படங்களாகப் பல எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காண்பார்கள். 16 படங்களை அடுக்கினால் படத்திலுள்ள புள்ளி இரைச்சல் நான்கில் ஒரு பங்காகக் குறையும்.

இவ்வளவு செய்த பிறகும் முகிலின் நடுப்பகுதி மட்டும் வெளுத்துப்போயிருக்கலாம். அங்குள்ள இளம் விண்மீன்கள் அவ்வளவு பிரகாசமானவை. அதற்காக 2 வினாடிப் படங்கள் சிலவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதியை அவற்றிலிருந்து எடுத்துப் பின்னர் இணைக்கலாம்.