தம் இறைக்கு அஞ்சியோர்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்றாகும். அஃது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை எனும் நான்கினின்றும் பிறக்கும் என்பர் தொல்காப்பியர். இந்நான்கினையும் பல்லாண்டுகள் வகுப்பில் நடத்தியும், இவற்றுள் பகைவன் இடம்பெறாமை எனக்கு நெடுநாள் புலப்படவில்லை. போரைப் போற்றிப் பாடிய மரபின் இலக்கணத்தில், எதிரே வேலேந்தி நிற்பவன் அச்சத்தின் நிலைக்களனாகச் சொல்லப்படவில்லை!

இதனை எனக்கு உணர்த்தியவர் ஒரு மாணவர். இரவுப் பணி முடித்துப் பனியன் கம்பெனியிலிருந்து நேரே வகுப்பிற்கு வருபவர். ஒக்கூர் மாசாத்தியாரின் புறப்பாடலை (புறம். 279) நடத்திக் கொண்டிருந்தேன். தமரை முன்னரே போர்க்களத்தில் இழந்த தாய், தன் ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலைவாரி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். தாயின் மறத்தை நான் வியந்துரைக்க, "ஐயா, அந்தப் பையன் பயந்தானா என்று பாட்டில் இருக்கிறதா?" என்று கேட்டார் அவர். இல்லை. மாசாத்தியாரின் நோக்கம் தாயின்மீதே நிலைத்துள்ளது. சிறுவன் வாய் திறப்பதில்லை.

அவன் வாய் திறப்பதற்குத் தமிழில் புதினம் பிறக்க வேண்டியிருந்தது. ஈழப் போராட்டப் பின்னணியில் எழுந்த இரு நூல்கள் இவ்வகையில் சிறப்பாக நோக்கத்தக்கவை. ஒன்று, கோவிந்தன் எழுதி 1985இல் வெளிவந்த 'புதியதோர் உலகம்'. மற்றொன்று, ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001). முன்னதன் ஆசிரியர் தாம் சார்ந்திருந்த இயக்கத்தை விட்டு வெளியேறியவர். பின்னவர் பதின்பருவத்திலேயே விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து விலகியவர். விடுதலை வேட்கையோடு வந்த இளைஞர், பயிற்சி முகாமில் ஒரு கேள்வி கேட்டதற்காக உளவாளியென முத்திரை குத்தப்பட்டு வதைபடுவதைக் கோவிந்தன் காட்டுகிறார். அருகில் உறங்குபவனிடமும் மனம்விட்டுப் பேச இயலாத தனிமை அது. 'கொரில்லா'வின் ராக்கிராஜ் முதலில் அஞ்சுவது தன் தந்தைக்கு. தந்தையின் முரட்டுத்தனத்தினின்று தப்பி இயக்கத்திற்குச் செல்பவன், அங்கும் விசாரணைக்கும் அடிக்கும் ஆளாகிறான்.

இவ்விரு நூல்களிலும் இளைஞனின் உறக்கத்தைக் கெடுப்பவன் எதிர்ப்படையினன் அல்லன், தன்னை ஆள்பவனே. தொல்காப்பியர் நான்காவதாக வைத்த 'தம் இறை' இதுவே என்பது என் துணிபு. உரையாசிரியராகிய பேராசிரியர் இவ்விடத்து, இறை என்போர் தந்தையரும் ஆசிரியரும் அரசரும் முதலாயினார் என்று விளக்குகிறார். ஜெர்மானிய எழுத்தாளர் ரெமார்க் 1929இல் வெளியிட்ட முதல் உலகப் போர்ப் புதினத்திலும், மாணவர்களைத் தூண்டிப் படையில் சேரச் செய்பவர் காண்டொரெக் என்னும் ஆசிரியரே. ஆசிரியத் தொழில் புரிவோர் இதனை எளிதில் கடந்து செல்லுதல் இயலாது.

நான் துப்பாக்கியைத் தொட்டறியேன். எனினும் இவ்வச்சம் எனக்கு முற்றிலும் புதிதன்று. பிளஸ் டூ தேர்வெழுதிய கோடையில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குச் சென்றேன். நாளொன்றுக்கு ஒன்றரை ஷிப்ட். ஒருநாள் வெட்டிய துணிக்கட்டு ஒன்று கணக்கில் குறைந்தது. காண்ட்ராக்டர் என்னை அழைத்து, அனைவர் முன்னிலையிலும் நிற்க வைத்தார். இருபது தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவரும் தலை நிமிரவில்லை. கட்டு, மாலையில் ஓவர்லாக் மேசையின் அடியிலேயே கிடைத்தது. அதைப் பற்றியும் ஒருவரும் பேசவில்லை. வீட்டில் அத்தாவிடம் சொல்ல நா எழவில்லை. சொன்னால் அவரும் ஐயுறுவாரோ என்ற அச்சம். வதைமுகாமோடு இதனை ஒப்பிடுதல் தகாது. ஆயினும் ராக்கிராஜ் விசாரிக்கப்படும் பக்கங்களைப் படித்தபோது அந்த இயந்திர ஓசை மீண்டும் என் காதில் கேட்டது.

இந்நூல்களை நம் மாணாக்கருக்கு அறிமுகப்படுத்துவது பற்றிச் சமுதாயப் பெரியவர் ஒருவர் என்னிடம் வருந்திக் கேட்டார். 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னவர்கள் புலிகள் அல்லரோ? அவர்களுள் ஒருவனது அச்சத்திற்கு நாம் ஏன் இரங்க வேண்டும்? இவ்வினா நியாயமானதே. வீட்டையும் பள்ளிவாசலையும் விட்டுச் சென்றவர்களின் துயரத்தை எந்தப் புதினமும் ஈடு செய்யாது. ஆனால் அன்று துப்பாக்கியோடு நின்றவர்களுள்ளும் மறுத்துப் பேச அஞ்சிய இளைஞன் ஒருவனேனும் இருந்திருப்பான் என்றே நான் எண்ணுகிறேன். அவன் அச்சத்தை அறிவது அவனை மன்னிப்பதாகாது. தலைவனுக்கு அஞ்சியவன் அக்கட்டளையை எளியோர்மீது எவ்வாறு நிறைவேற்றினான் என்பதை அறிவதற்கு அதுவே வழி. ஷோபாசக்தியும் தம் கதைமாந்தனைக் குற்றமற்றவனாகக் காட்ட முயலவில்லை. பெரியவர் முழுதும் உடன்பட்டார் என்று கூற மாட்டேன். நூலை மட்டும் வாங்கிச் சென்றார்.

மறுவாரம் அம்மாணவர் மீண்டும் கடைசி வரிசையில் கண்ணயர்ந்திருந்தார். வழக்கம்போல் பெயரைச் சொல்லி அதட்டினேன். திடுக்கிட்டு எழுந்தவரின் கைகள் மேசை விளிம்பை இறுகப் பற்றியிருந்தன. பேராசிரியர் உரையில் தந்தைக்கும் அரசருக்கும் இடையே நின்ற சொல் எனக்கு நினைவிற்கு வந்தது. உட்காரச் சொல்லிவிட்டு, பாடத்தைத் தொடர்ந்தேன்.