கார்னிவலும் விபூதிப் புதனும்



கார்னிவல் என்றதும் நமக்கு ராட்டினமும் பஞ்சுமிட்டாயும் நினைவுக்கு வரும். உண்மையில் அது தவசுகாலத்தின் வாசற்படி. மாமிசத்தை விலக்குதல் என்று பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து பிறந்த பெயர் என்பர். ஒருசந்தி தொடங்குமுன் வீட்டிலுள்ள இறைச்சியைச் சமைத்து, அயலாரோடு உண்டு களித்தார்கள் ஐரோப்பிய மக்கள்.

16-ஆம் நூற்றாண்டில் நம் பழவேற்காட்டில் குடியேறிய போர்த்துக்கீசியரே இவ்வழக்கத்தைக் கோவாவுக்கும் கொணர்ந்தனர். அங்கே கிராமங்களில் கொங்கணித் தெருநாடகம் நடக்கும். 1965 முதல் பணஜியில் மோமோ ராஜாவின் ஊர்வலமும் உண்டு. "உண்ணுங்கள், களியுங்கள்" என்பதே அவன் கட்டளை. செவ்வாயோடு அவன் ஆட்சி முடியும். மறுநாள் நெற்றியில் சாம்பல்.

விரதமில்லாவிட்டால் அந்த விருந்துக்கு அர்த்தமேது? ஆகையால், செவ்வாயன்று கறிச்சோறு உண்ணும் குடும்பம் புதனன்று ஒருசந்தியும் சுத்தபோசனமும் காக்கட்டும். மிச்சமாகும் கறிக்காசு ஏழை வீட்டு உலைக்குச் சேரட்டும்.