உயிரோடு வந்து சேர வேண்டிய மாதிரிகள்

நோயாளியின் உடலினின்றும் எடுக்கப்படும் மாதிரி, ஆய்வுக்கூடத்தின் வாயிலை அடையுமுன்னரே பயனற்றுப் போவதுண்டு. புட்டியில் நீர் இருக்கும். அதிலிருந்த கிருமி மடிந்திருக்கும். 'வளர்ச்சி இல்லை' என்று அறிக்கை வரும். நோயே இல்லை என்று அதற்குப் பொருள் கொள்வோர் பெரும்பிழை செய்தவராவர்.

மூளை உறை அழற்சியை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் இதற்குத் தக்க சான்றாகும். மனிதனையன்றி வேறு இயற்கை உறைவிடம் இக்கிருமிக்கு இல்லை. குளிரும் வறட்சியும் அதற்கு ஆகா. தன் நொதிகளாலேயே தன்னைச் சிதைத்துக்கொள்ளும் இயல்பும் அதற்குண்டு. குழந்தையின் முதுகில் ஊசி செலுத்தி அரிதின் எடுத்த சில மில்லிலிட்டர் தண்டுவட நீரில் அது உயிரோடிருக்கும் காலம் சிறிது.

எதையும் கெடாமற் காக்கக் குளிர்ப்பெட்டியை நாடுவது நம் வழக்கம். சிறுநீருக்கு அது நன்று. புறத்தேயிருந்து கலந்த கிருமிகள் 4 டிகிரிக் குளிரில் பெருகா. வளர்ப்புச் சோதனைக்குரிய தண்டுவட நீரை அங்கே வைப்பதோ நல்லெண்ணத்தால் விளையும் கேடு. அதனை அறை வெப்பத்திலோ 37 டிகிரியிலோ வைத்து, ஒரு மணி நேரத்திற்குள் சாக்லேட் அகாரில் இடுதல் வேண்டும். (இதில் சாக்லேட் ஏதுமில்லை, சூடேற்றிய குருதியின் நிறமே அப்பெயரைத் தந்தது.) பின்னர் மெழுகுத்திரி ஏற்றிய சாடியில் தட்டை வைத்து மூடுவர். திரி அணைகையில், கிருமி விரும்பும் கரியமிலவாயு சாடியில் ஏறத்தாழ 3 விழுக்காடு சேர்ந்திருக்கும்.

பி.சி.ஆர். சோதனை இறந்த கிருமியையும் காட்டிவிடுமே என்று மாணவர் வினவலாம். உண்மையே. ஆயினும் எம்மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதை முழுமையாகச் சோதித்தறிய உயிருள்ள கிருமியே வேண்டும்.

தொலைவிலிருந்து வரும் மாதிரிகளுக்கு வழி என்ன? காலராக் கிருமிக்கு வெங்கட்ராமன், ராமகிருஷ்ணன் ஆகிய நம் நாட்டு ஆய்வாளர் இருவர் 1941-இல் கண்ட வழி வியப்பூட்டும் எளிமை உடையது. ஒரு லிட்டர் வடிநீரில் சுத்திகரிக்காத கடலுப்பு 20 கிராம், பெப்டோன் 5 கிராம், காரத்தன்மை 8.6 முதல் 8.8 வரை. அமிலத்தில் மடியும் அக்கிருமி இக்கார நீரில் பெருகுவதில்லை. ஆனால் பல வாரங்கள் உயிர் தாங்கி நிற்கிறது. திருகுமூடிப் புட்டியில் 10 முதல் 15 மில்லிலிட்டர் ஊற்றி, அதில் சிறிது மலத்தைக் கலந்து அனுப்பினால் போதும். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை.

இயன்றவரை நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் முதல் வேளைக்கு முன்பே மாதிரியை எடுத்தல் நலம். ஆயினும் மூளை உறை அழற்சியில் அதற்கென மருந்தைத் தாமதிக்கலாகாது. மருந்து முந்திவிட்டால் அதனையும், மாதிரி எடுத்த நேரத்தையும் சீட்டில் குறித்தல் வேண்டும். 'வளர்ச்சி இல்லை' என்னும் முடிவை மருத்துவர் எடைபோடுவது அக்குறிப்பைக் கொண்டுதான்.