கறவை மிஷின் கழுவும் காரம்: கேனில் இருப்பது சோப்புத் தண்ணீர் அல்ல

பூச்சிக்கொல்லி டப்பாவை வாசல்படி ஏறவிடாத நம் உழவர் வீடுகளிலும் இப்போது ஒரு ரசாயனம் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஐந்து, ஆறு மாடு வைத்து கறவை மிஷின் வாங்கியவர்களின் கொட்டகை மூலையில் பாருங்கள். பிளாஸ்டிக் கேன் ஒன்று இருக்கும். மிஷினை மாட்டிக் கொடுத்தவர் கூடவே கொடுத்துவிட்டுப் போயிருப்பார். "ஒரு மூடி ஊத்திக் கழுவுங்க, அவ்வளவுதாங்க" என்று சொல்லியிருப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

உள்ளே இருப்பது பெரும்பாலும் காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு. சிலவற்றில் காஸ்டிக் பொட்டாஷ். பல தயாரிப்புகளில் இதோடு குளோரினும் (சோடியம் ஹைப்போகுளோரைட்) சேர்ந்திருக்கும். நம் சுண்ணாம்புத் தெளிநீரின் பி.எச். 12.4 அளவில் நிற்கும். லிட்டருக்கு 40 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த நீர் 14-ஐத் தொடும். பி.எச். அளவில் ஒரு எண் ஏறினால் காரம் பத்து மடங்கு கூடும் என்பதை நினைவில் வையுங்கள். 12-க்கும் 14-க்கும் இடையே இருப்பது நூறு மடங்கு.

இது ஏன் தேவைப்படுகிறது? பால் பட்ட இடத்தில் கொழுப்பும் புரதமும் படலமாக ஒட்டும். வெறும் தண்ணீருக்கு அது போகாது. ரப்பர் குழாயிலும் லைனரிலும் அந்தப் படலம் தங்கினால் கிருமிகள் அதில் குடியேறும், பால் சீக்கிரம் திரியும். காரம் கொழுப்பைச் சோப்பாக மாற்றிவிடும், புரதத்தைக் கரைத்துவிடும். பாலின் சுண்ணாம்புச் சத்தும் கடின நீரின் உப்பும் சேர்ந்து படிகிற 'பால் கல்' மட்டும் காரத்துக்கு அசையாது. அதற்குத்தான் வாரம் ஒருமுறை அமிலத் திரவம் கொடுக்கிறார்கள். ஆக, கொட்டகையில் இரண்டு கேன் இருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது முக்கியமாகிறது.

"இயற்கை விவசாயத்தில் இதைத் தொடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. தொடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு இயற்கை வேளாண் விதிகளில், கொட்டகை மற்றும் கருவிகளைச் சுத்தம் செய்ய அனுமதித்த பொருள்களின் பட்டியலில் காஸ்டிக் சோடா, காஸ்டிக் பொட்டாஷ், சுண்ணாம்பு எல்லாமே இருந்தன. சான்றிதழ் எடுத்தவர்கள் தங்கள் சான்றளிப்பு நிறுவனத்திடம் லேபிளைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள், கேனுக்கு கேன் சேர்மானம் மாறும். ஆனால் 'அனுமதி உண்டு' என்பதற்கு 'ஆபத்து இல்லை' என்று அர்த்தம் கிடையாது. நாமே சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் கொதிக்கத்தானே செய்கிறது!

காரம் எப்படிச் சுடுகிறது

அமிலம் பட்டால் உடனே எரியும், கையை உதறுவோம். பல அமிலங்கள் மேல்தோலை வேகவைத்து ஒரு பொருக்கு உண்டாக்கும், அந்தப் பொருக்கே அமிலம் உள்ளே போவதை ஓரளவு தடுக்கும். காரம் அப்படியில்லை. சதையைக் கரைத்துக்கொண்டே கீழே இறங்கும். தோலில் பட்ட முதல் நிமிஷத்தில் பெரிதாக வலிக்காமலும் இருக்கலாம். கை வழவழவென்று இருக்கும், "சோப்பு மாதிரி இருக்கே" என்று தோன்றும். உண்மையில் அது சோப்பேதான், நம் தோலின் கொழுப்பில் உருவான சோப்பு. வழவழப்பு தெரிந்தாலே சுட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

கண்ணில் பட்டால் நிலைமை இன்னும் மோசம். கருவிழியைக் கடந்து உள்ளே இறங்க காரத்துக்கு அதிக நேரம் வேண்டாம். வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தை அழுத்தி விளையாடிய குழந்தைகளின் கண்ணில் அது பீய்ச்சியடித்துப் பார்வை பாதித்த சம்பவங்களை நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள். சுண்ணாம்புக்கே அந்தக் கதி என்றால் இந்தக் கேனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டுவிட்டால்

தண்ணீர். அதுவும் ஓடுகிற தண்ணீர், நிறைய, நீண்ட நேரம். மருந்து தேடி ஓடாதீர்கள். தோலில் பட்டால் நனைந்த துணியைக் கழற்றிவிட்டு இருபது நிமிஷமாவது கழுவ வேண்டும். செதில் காஸ்டிக்காக இருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு அப்புறம் தண்ணீர். கண் என்றால் இமையை விரலால் விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓட விடுங்கள், அப்போதுதான் அடுத்த கண்ணுக்குப் போகாது. வலியில் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள், கூட இருப்பவர்தான் விரித்துப் பிடிக்கணும். அரை மணி நேரம் கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவமனை. "பரவாயில்லை, சரியாயிடுச்சு" என்று வீட்டில் படுக்க வேண்டாம்.

நம் ஊரில் கண்ணில் எது விழுந்தாலும் தாய்ப்பால் விடுகிற பழக்கம் இருக்கிறது. தீப்புண்ணுக்கு மஞ்சள், தேங்காய் எண்ணெய், பற்பசை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இங்கே எதுவும் கூடாது. படித்த பிள்ளைகள் வேறு விதமாகத் தவறுவார்கள்: "காரத்துக்கு மாற்று அமிலம்தானே, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விடு" என்பார்கள். அமிலமும் காரமும் சேரும்போது சூடு கிளம்பும். வெந்த புண்ணில் இன்னொரு சூடு எதற்கு? கழுவ வேண்டிய நேரமும் வீணாகும்.

யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. உள்ளே போகும்போது ஒருமுறை சுட்ட உணவுக்குழாயை வெளியே வரும்போது இன்னொருமுறை சுடும். உப்புக் கரைசல், மோர், முட்டை வெள்ளை எதுவும் வேண்டாம். வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். கேனையோ அதன் லேபிள் படத்தையோ கூடவே எடுத்துப் போங்கள். உதடும் வாயும் நன்றாகத் தெரிந்தாலும் உணவுக்குழாய் வெந்திருக்கக்கூடும். வாரங்கள் கழித்து அது சுருங்கி, சோறு இறங்காமல் தவித்தவர்கள் உண்டு.

பாட்டில்

குடித்துவிடுகிற விபத்து எப்படி நடக்கிறது? யாரும் கேனை எடுத்துக் குடிப்பதில்லை. பெரிய கேனிலிருந்து ஊற்றச் சிரமமாக இருக்கிறதென்று ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ மாற்றி வைக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் "அக்கா, எனக்குக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டால் அதிலேயே ஊற்றிக் கொடுக்கிறோம். நிறமில்லாத திரவம், தெரிந்த பாட்டில். வெயிலில் விளையாடிவிட்டு வந்த பிள்ளைக்கு அது தண்ணீர்தான். வேலைக்கு வந்த பெரியவருக்கும் அப்படித்தான். இந்தக் கட்டுரையில் வேறெதையும் ஞாபகம் வைக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் அப்படி ஒரு பாட்டில் இருந்தால் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டுப் போய் அதை முதலில் அப்புறப்படுத்துங்கள். காரம் அதன் சொந்தக் கேனில், லேபிளோடு, பூட்டு போட்ட இடத்தில் இருக்கட்டும். கண் மட்டத்துக்கு மேலே அலமாரியில் வைக்காதீர்கள், எடுக்கும்போது சாய்ந்தால் முகத்தில்தான் கொட்டும்.

சேரக்கூடாத சேர்க்கை

இரண்டு கேன் என்று சொன்னேன் அல்லவா? குளோரின் கலந்த காரத்தையும் அமிலத் திரவத்தையும் ஒரே வாளியில் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். 1915-இல் முதல் உலகப் போரில் ஆயுதமாக விட்டார்களே, அதே வாயு. காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். கட்டிப்போட்ட மாடும் கன்றும் ஓடவும் முடியாது. ஒரு கழுவலுக்கும் அடுத்ததற்கும் இடையே தண்ணீர் விட்டு அலசியே ஆக வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி அளவுக் குவளை, தனித்தனி நிறத்தில் வையுங்கள்.

அலுமினிய கேன் இன்னொரு எதிரி. காரம் பட்டால் அலுமினியம் கரைந்து ஹைட்ரஜன் வாயு நுரைத்துக்கொண்டு வரும். அது தீப்பிடிக்கும். மூடிய கேனாக இருந்தால் அழுத்தத்தில் மூடி தெறிக்கும். ஜி.ஐ. வாளியின் துத்தநாகப் பூச்சையும் இது அரிக்கும். எவர்சில்வர் அல்லது கெட்டியான பிளாஸ்டிக் வாளிதான் சரி.

கலக்கும் முறை

வாளியில் முதலில் தண்ணீர், பிறகுதான் காரம், மெதுவாக. காரத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் ஒரே இடத்தில் சூடேறி மேலே தெறிக்கும். 'ஒரு மூடி' என்ற கணக்கை விட்டுவிடுங்கள், மூடிக்கு மூடி அளவு வேறு. லேபிளில் 0.5 சதம் என்று போட்டிருந்தால் 10 லிட்டருக்கு 50 மில்லி. கூட ஊற்றினால் கூடச் சுத்தமாகும் என்பது வெறும் நினைப்பு. ரப்பர்தான் சீக்கிரம் கெடும், மிச்சம் பாலிலும் இறங்கும்.

கறந்த கையோடு வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுவது பாதி வேலையை முடித்துவிடும். எடுத்தவுடன் கொதிநீர் விட்டால் புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு சூடான காரக் கரைசல். அது 40 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் வெளியேற்றிவிடுங்கள், ஆறினால் கொழுப்பு திரும்பப் படியும். கடைசியில் நல்ல தண்ணீர். முழங்கை வரை ரப்பர் கையுறை, பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் பூட்ஸ் மூன்றும் வேண்டும். சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு வெறுங்கையால் கலக்குவதுதான் நம் வீடுகளில் நடக்கிறது. கழுவும் வேலை பெண்கள் தலையில்தான் விழுகிறது, ஆனால் மிஷின் வாங்கும்போது இந்த 'மூன்று சாமான்' பட்டியலில் ஏறுவதில்லை.

கழுவிய நீர்

ஜீவாமிர்தத் தொட்டி, மண்புழு உரக் குழி, சாண எரிவாயுக் கலன் மூன்றின் பக்கமும் இந்தத் தண்ணீர் போகக்கூடாது. எரிவாயுக் கலனில் வேலை செய்யும் நுண்ணுயிர்களுக்குப் பி.எச். 7-ஐ ஒட்டி இருந்தால்தான் பிடிக்கும். கோமியம் ஓடும் வாய்க்காலில் விட்டால் அம்மோனியா கிளம்பி மூக்கை அறுக்கும், மாட்டின் கண்ணும் எரியும். தினமும் ஒரே மரத்தடியில் விட்டால் சோடியம் சேர்ந்து அந்த மண் களராக இறுகும். அலசிய நீரோடு சேர்த்து நன்றாக நீர்க்கச் செய்து, கிணற்றுக்கும் மாட்டுத் தொட்டிக்கும் தள்ளி, இடம் மாற்றி மாற்றி விடுங்கள்.

இரண்டு மாடு வைத்துக் கையால் கறப்பவருக்கு இந்தக் கேனே தேவையில்லை என்பது என் கருத்து. எவர்சில்வர் பாத்திரத்துக்குச் சுடுதண்ணீரும் கொஞ்சம் சலவை சோடாவும் தேய்க்க நாரும் போதும், கவிழ்த்து வெயிலில் காயவைத்தால் ஆயிற்று. சலவை சோடாவும் காரம்தான், கண்ணில் பட்டால் எரியும், ஆனால் காஸ்டிக் அளவுக்குச் சுடாது. சாம்பல் தண்ணீரை மிஷினுக்குள் விடலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். அதன் காரம் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது, துகள் ரப்பரைக் கீறும், கீறலில் பால் தங்கும்.

தேங்காய் எண்ணெயில் சோப்பு காய்ச்சும் மகளிர் குழுக்களுக்கும் இதே காஸ்டிக்தான் கைப்பொருள். அவர்கள் கவனிக்க வேண்டியது கூடுதலாக இரண்டு. தண்ணீரில் செதிலைப் போட்டதும் கரைசல் 80 டிகிரிக்கு மேலேகூட ஏறும், அதனால் வெளியே காற்றோட்டத்தில், குழந்தைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் கரையுங்கள். ஒரு கிலோ தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்க ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் ஆகும். அதில் ஐந்து சதம் குறைத்து 174 கிராம் போட்டால் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சும், காரம் மிஞ்சாது. இது தேங்காய் எண்ணெய்க்கு மட்டுமான கணக்கு. வேப்ப எண்ணெய், இலுப்பை எண்ணெய் கலந்தால் அளவு மாறும். கண்ணால் பார்த்துப் போடாமல் கிராம் காட்டும் தராசில் நிறுத்துப் போடுங்கள்.