வரித் தணிக்கையும் வாடிக்கைக்காரரின் அமானிதமும்



நம் கடைப் பேரேட்டில் இருப்பது நம் கணக்கு மாத்திரமல்ல. இன்னார் இவ்வளவு பாக்கி, இன்னார் மகள் நிக்காஹுக்கு இத்தனை வெள்ளிக்குத் துணி எடுத்தார், இன்னார் மூன்று மாதமாகத் தவணை கட்டவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. நம்மை நம்பிச் சொன்ன இவ்விஷயங்கள் அமானிதமாகும். வருமான வரி அதிகாரி வந்து பேரேட்டைக் கேட்டால் நாம் என்ன செய்வது?

முதலில் சட்டத்தை அறிவோம். மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், 80ஆம் பிரிவின்படி, வியாபார இடத்துக்குள் வரவும், ஏடுகளைப் பார்க்கவும், பிரதி எடுக்கவும் அதிகாரம் தருகிறது. 82ஆம் பிரிவு கணக்குகளை 7 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. வழக்கறிஞருக்கும் அவருடைய கட்சிக்காரருக்கும் இடையிலுள்ள இரகசியத்தைச் சட்டம் தனியாக மதிக்கிறது. கடைக்காரருக்கு அவ்வுரிமை இல்லை. 2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமும் வரி விதிப்பு, வரி வசூல் காரியங்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆகவே, "வாடிக்கைக்காரரின் இரகசியம்" என்று காரணம் காட்டி ஏட்டை மறைப்பது அமானிதம் காப்பதாகாது, குற்றமாகும். நாம் கொடுக்கும் தகவலை வெளியிடக் கூடாதென்று 138ஆம் பிரிவு வரி அதிகாரிகளையும் கட்டுப்படுத்துகிறது.

அப்படியானால் அமானிதத்தைக் காப்பது எவ்வாறு? உரியவரிடம், கேட்டதை, கேட்ட அளவில் கொடுப்பதே வழி.

1. கடிதத்தை நன்கு படியுங்கள். எந்த ஆண்டு, எந்தக் கணக்கு என்று கவனியுங்கள். வருபவரின் அதிகார அட்டையைப் பாருங்கள். சந்தேகமிருந்தால் வரி வாரிய அலுவலகத்துக்கு நீங்களே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள். அதிகாரியென்று பொய் சொல்லி வருவோரும் உண்டு.

2. பெட்டியடியில் வைத்துப் பேசாதீர்கள். தனி அறையோ தனி மேசையோ ஒதுக்குங்கள். கடை சார்பில் ஒருவரே பதில் சொல்லட்டும், கணக்காளரும் உடனிருக்கட்டும். அலமாரி முழுவதையும் கொட்டாமல் கேட்ட ஏட்டை எடுத்துக் கொடுங்கள். கொண்டு போகும் ஏடுகளுக்குப் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

3. பேரேட்டில் சரக்கு, தேதி, தொகை, வரவு, பாக்கி இவை போதும். ஒருவருடைய குடும்பக் கஷ்டத்தையும் நோயையும் ஓரத்தில் எழுதி வைக்க வேண்டாம். எழுதாத இரகசியம் எவர் கண்ணிலும் படாது. ஆனால் தணிக்கைக் கடிதம் வந்த பிறகு ஒரு எழுத்தையும் அழிக்கக் கூடாது.

4. பிறர் பணத்தைக் கடையின் வங்கிக் கணக்கில் கலக்காதீர்கள். பள்ளிவாசல் நன்கொடை 5,000 வெள்ளி நம் கணக்கில் விழுந்தால், அதிகாரி அதைச் சொல்லாத விற்பனை வரவாகக் கருதலாம். அல்லவென்று நிரூபிக்க, பெயர் வேண்டாமென்று கொடுத்தவரின் பெயரையும் சொல்ல நேரும். தனிக் கணக்கும் இரசீதும் இருந்தால் இந்தச் சங்கடம் வராது.

5. தணிக்கையில் யார் பெயர் அடிபட்டது என்பதைத் தேநீர்க் கடையில் பேசாதீர்கள். பேரேட்டுப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து நண்பருக்கு அனுப்பி யோசனை கேட்பதும் கூடாது. வேலையாட்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். பெரும்பாலான இரகசியங்கள் அதிகாரியின் பையிலிருந்து வெளியேறுவதில்லை. நம் வாயிலிருந்தே வெளியேறுகின்றன.

திருக்குர்ஆனின் அல்பகறா அத்தியாயம், 282ஆம் வசனம் கடனை எழுதி வைக்கும் முறையைப் போதிக்கிறது. அன்னிஸா அத்தியாயம், 58ஆம் வசனம் அமானிதத்தை உரியவரிடம் சேர்க்கச் சொல்கிறது. நேராக எழுதுவதும் நாவை அடக்குவதும் ஒரே கடமையின் இரு பக்கங்கள். ஏடு சுத்தமாக இருந்தால் அதிகாரிக்கு அஞ்ச வேண்டியதில்லை. நாவு அடங்கியிருந்தால் வாடிக்கைக்காரர் நமக்கு அஞ்ச வேண்டியதில்லை.

வல்ல அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத்தையும் நம் சொல்லில் நாணயத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.