ரத்தம் ஏறாவிட்டால் தாயைத் திட்டாதீர்கள்

வீ.கே.புதூர் என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் வீரகேரளம்புதூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் செவிலியராகக் கர்ப்பிணிகளைப் பார்த்துவருகிறேன். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும்.

பீடி சுற்றும் ஒரு பெண்ணுக்கு மட்டும் ஏறவில்லை. 10-வது வாரத்தில் 9.4, ஒரு மாதம் கழித்தும் 9.5. "மாத்திரையத் திங்கியா, தூரப் போடுதியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். "தெனமும் திங்கத்தான் செய்யேன்க்கா" என்று அழுதாள். நான் நம்பவில்லை. அவளுடைய முழு ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த மருத்துவர்தான், "இவள் சொல்வது உண்மையாக இருக்கும்" என்றார். திருநெல்வேலிக்கு அனுப்பிய ரத்தத்தில் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறைச் சுமப்பவள், அதாவது கேரியர், என்று வந்தது. அன்றைக்கு நான் கற்றவை இவை.

1. ஹீமோகுளோபினை மட்டும் பார்க்காதீர்கள். சிவப்பணுவின் அளவைச் சொல்லும் எம்.சி.வி. 80-க்குக் கீழேயோ, அதிலுள்ள ஹீமோகுளோபினின் அளவைச் சொல்லும் எம்.சி.எச். 27-க்குக் கீழேயோ இருந்தால் கவனியுங்கள். அவளுக்கு எம்.சி.வி. 62, சிவப்பணுக்களோ 50 லட்சம். அணு சிறுத்தும் எண்ணிக்கை குறையாதிருந்தால் தலசீமியாவைச் சந்தேகிக்க வேண்டும்.

2. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. சோதனை கேளுங்கள். ஹீமோகுளோபின் ஏ2 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கேரியர்தான். இரும்புச்சத்து மிகவும் குறைந்திருந்தால் ஏ2 சற்றுக் குறைத்துக் காட்டலாம். அதனால் முடிவை மருத்துவரே சொல்லட்டும்.

3. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கேரியருக்கும் இரும்புச்சத்துக் குறைவு சேர்ந்து வரலாம். உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையில் அது தெரியும். ஃபோலிக் அமிலம் அவர்களுக்கும் வேண்டும்.

4. கணவருக்கும் உடனே பாருங்கள். இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அந்தக் குழந்தைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டிவரும். எங்கள் பக்கம் அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டுவது வழக்கம். ஒரே கூறு இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடுதல். அவளுடைய கணவரும் அத்தை மகன்தான். நல்லவேளை, அவருக்கு இல்லை.

5. நாள் கடத்தாதீர்கள். இருவருக்கும் இருந்தால், 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவையோ, 15 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரையோ எடுத்துக் குழந்தைக்கு இருக்கிறதா என்று பார்க்கலாம். முதல் பரிசோதனையிலேயே எம்.சி.வி.யைப் பார்த்திருந்தால் அவளுக்கு ஒரு மாதம் மிஞ்சியிருக்கும்.

6. கேரியர் நோயாளி அல்ல. முடிவு வந்ததும் மாமியார், "எங்க குடும்பத்துல இப்படி இல்லையே" என்றார். இது யார் குற்றமும் இல்லை என்று உட்கார்ந்து பேசினேன். அவள் தங்கைக்கும் கல்யாணத்துக்கு முன்பே சோதனை செய்யச் சொன்னேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறாத பெண் வந்தால், முதலில் அவள் ரத்த அறிக்கையைத்தான் வாங்கிப் பார்க்கிறேன். கர்ப்பிணிகளே, அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, "என் எம்.சி.வி. எவ்வளவு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.