நிழல் தரும் தர்மம்

மரம் நடுவது தர்மம் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற கருத்தில் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம் பெற்றுள்ளது. ஆனால் நட்டதோடு கடமை தீர்ந்தது என்று நாம் எண்ணி விடுகிறோம். விழா எடுத்து நட்ட கன்றுகள் அடுத்த கோடையிலேயே கருகிக் கிடப்பதை எத்தனை ஊர்களில் காண்கிறோம்! பிறர் பயன் பெற மரம் உயிரோடு நிற்க வேண்டுமல்லவா? ஆகவே, வறட்சியைத் தாங்கி நிழல் தரும் வேப்பமரத்தை வளர்த்துக் காக்கும் முறையை இங்கே காண்போம்.

அரஃபாவில் வேம்பு

துல்ஹஜ் 9-ஆம் நாள் ஹாஜிகள் தங்கும் அரஃபா ஒரு வெட்டவெளி. இஹ்ராமில் ஆண்கள் தலையை மூடலாகாது. கூடாரத்தின் நிழலிலோ மரத்தின் நிழலிலோ இருக்கத் தடையில்லை. நபி (ஸல்) அவர்களுக்கே நமிராவில் கூடாரம் அமைக்கப்பட்டிருந்தது. 1980-களில் அம்மைதானத்தில் சுமார் 10 சதுர கிலோமீட்டர் பரப்பில் 50,000-க்கும் அதிகமான வேப்பங்கன்றுகள் நடப்பட்டன. நம் வீட்டு வாசலில் நிற்கும் அதே வேம்புதான்! 2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் போதிய தங்குமிடமின்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். நிழல் சுகத்துக்கு மட்டுமல்ல, உயிரைக் காப்பதற்கும்தான் என்பதை இது உணர்த்தவில்லையா?

விதையும் நடவும்

நம் பகுதியில் ஆனி, ஆடி மாதங்களில் வேப்பம்பழம் உதிரும். பழுத்த பழங்களைப் பொறுக்கி, சதை போகக் கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்த வேண்டும். அதன் முளைப்புத் திறன் விரைவில் போய்விடும். எனவே இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிடுவது நல்லது. மண்ணும் மணலும் மட்கிய எருவும் கலந்த பையில் விதைத்தால் மூன்று வாரத்துக்குள் முளைத்துவிடும்.

முழங்காலுக்கு மேல் வளர்ந்த கன்றை அடுத்த ஆண்டு ஐப்பசி மழை தொடங்கியதும் நடலாம். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடி இருக்கும்படி குழி எடுத்து, மேல்மண்ணுடன் எரு கலந்து நிரப்புக. பையை முழுதும் கிழித்தெடுத்து, ஆணிவேர் மடங்காதபடி நட வேண்டும். சுவரிலிருந்து 15 அடியும், மரத்துக்கு மரம் 20 அடியும் இடைவெளி விடுக. தண்ணீர் தேங்கும் பள்ளம் கூடாது. வறட்சியைத் தாங்கும் வேம்பு, தேங்கிய நீரைத் தாங்காது.

முதல் மூன்று கோடை

கன்று பிழைப்பது இக்காலத்தில்தான் இருக்கிறது. முதற் கோடையில் வாரம் இருமுறை ஒரு குடம், இரண்டாம் கோடையில் வாரம் ஒருமுறை இரண்டு குடம், மூன்றாம் கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நன்றாக நனையும்படி ஊற்றினால் போதும். தினமும் சிறிது தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். இடைவெளி விட்டு நிறைய ஊற்றினால் ஈரத்தைத் தேடி ஆழத்தில் இறங்கும். பிறகு அது தன் தண்ணீரைத் தானே தேடிக்கொள்ளும். அடியில் சருகோ தென்னை மட்டையோ பரப்பினால் ஈரம் காக்கும்.

கசப்பான இலையை ஆடு தின்னாது என்று எண்ண வேண்டாம், நன்றாகத் தின்னும். முள்வேலி அவசியம். மரம் உயர உயரப் பக்கக் கிளைகளைச் சிறிது சிறிதாகக் கழித்து, 7 அடிக்கு மேல் கவையவிட்டால் கீழே ஆட்கள் நிற்கலாம். கிளைகளின் நுனி கருகும் நோய் 2021-இல் தெலங்கானாவில் பரவலாகக் கண்டது. அப்படிக் கருகினால் காய்ந்த பகுதியை வெட்டி எரித்துவிடுக.

ஒளுச் செய்த தண்ணீர்

தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்கலாம். ஒளுச் செய்த தண்ணீர் மீண்டும் ஒளுவுக்கு உதவாது என்றாலும் அது சுத்தமானதே. பள்ளிவாசலில் ஐந்து நேரமும் சாக்கடைக்குப் போகும் அந்தத் தண்ணீரை ஒரு சிறு வாய்க்கால் வெட்டி மரத்தடிகளுக்கு முறைவைத்துத் திருப்பிவிட்டால் போதாதா?

வெட்டுமுன்

இலந்தை மரத்தை வெட்டுவோரை எச்சரிக்கும் ஹதீஸுக்கு இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்கள் விளக்கம் தருகிறார்கள். வழிப்போக்கர்களும் பிராணிகளும் நிழலுக்கு ஒதுங்கும் வெட்டவெளி மரத்தைத் தேவையின்றி அநியாயமாக வெட்டுவதையே அது குறிக்கிறது என்பது அவ்விளக்கம். மக்கள் ஒதுங்கும் நிழலில் மலஜலம் கழிப்பதையும் நபி (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளதை முஸ்லிம் நூலில் காண்கிறோம். அப்படியிருக்க, முற்றத்துக்குச் சிமெண்ட் போடுவதற்காக நின்ற மரத்தைச் சாய்ப்பதை என்னென்பது? தளம் போட்டே தீர வேண்டுமானால் அடிமரத்தைச் சுற்றி 3 அடி மண்ணாவது விடுவோம்.

முத்தவல்லிமார்களே, ஜமாஅத்தார்களே! நூறு கன்றுகள் நட்டு மறப்பதைவிட, நான்கு கன்றுகள் நட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டாரைப் பொறுப்பாக்கி மூன்று கோடை காப்பது மேல். நட்டவரும் தண்ணீர் ஊற்றியவரும் மறைந்த பின்னும் அந்த நிழலில் யாரோ ஒருவர் இளைப்பாறுவார். அந்த நன்மையில் நமக்கும் பங்கு கிடைக்க வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.